ஆளுக்குப் போன தாசையண்ணன்

1

போன வாரம் வேலையிடத்தில் மருத்துவச் சோதனை. அயர்லாந்தின் தெற்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்துச் சமையலறையில் எனக்கு வேலை. தாதிப் பெண் என்னைச் சுவரில் ஒட்டியிருந்த அளவுகோலோடு சேர்த்து நிறுத்தி, சென்டிமீட்டரில் ஏதோ ஓர் எண்ணைச் சொன்னாள். எனக்கு அடிக்கணக்கில் சொன்னால்தான் பிடிபடும். போனில் தட்டிப் பார்த்து, ஐந்தடி ஐந்தரை அங்குலம் என்றாள்.

"ஐந்தடி ஆறு" என்றேன், மார்க்கெட்டில் எடை குறைந்த மாதிரி.

வயது ஏறினால் எல்லாரும் கொஞ்சம் இறங்குவார்கள் என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆனால் மழையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒன்று தோன்றியது. தாசையண்ணன் இருந்தால் இதை உடனே கூப்பிட்டுச் சொல்லியிருப்பேன். "அண்ணே, கேமராவை அரை அங்குலம் இறக்கிப் பிடிக்கணும், கேட்டியளா." என் உயரத்தை ஒரு காரியமாக மதித்துக் கேட்ட ஒரே மனுஷன் அவர்தான்.

வருகிற ஞாயிறோடு அவர் போய் ஒரு வருடம். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கு எழுத்து பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல, பேசிப்பேசி வந்தது. அங்கங்கே வழி விலகினால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஊரில் இருக்கிற உங்களுக்கு அவரை வீடியோ தாசையன் என்றால் தெரியும். திருவட்டாறு பக்கத்துக்காரர். கொட்டாரத்தில் பெண்ணெடுத்து, அங்கேயே ஸ்டூடியோ போட்டவர். எங்கள் சுற்றுவட்டாரத்தில் வீடியோ கேமராவைத் தோளில் ஏற்றிய முதல் ஆள். அந்தக் காலத்துக் கேமரா ஒரு பிள்ளையைத் தூக்குகிற கனம். கல்யாணப் பெண்ணை இருதயத்துக்குள் வைப்பது, மாப்பிள்ளைக்குப் பின்னால் அருவி ஓடவிடுவது, சபையில் ஆண்டுவிழா எடுப்பது எல்லாம் அவர் கைதான். என் கல்யாண வீடியோவில் நானும் கிரேஸும் ஒரு ரோஜாப் பூவிலிருந்து வெளியே வருவோம். அதை என் மகள் இன்றும் கூட்டாளிகளுக்குப் போட்டுக் காட்டிச் சிரிக்கிறாள்.

இதையெல்லாம் ஒரே நாளில் விட்டுவிட்டு அவர் வேறொன்றைத் தொடங்கினார். கடல் ஏறி வந்த அந்த டிசம்பருக்குப் பிறகு அது. இரண்டாயிரத்து நான்கின் நடுவில்தான் நான் மகளோடு இங்கே வந்து சேர்ந்திருந்தேன். கிரேஸ் நர்ஸ், எங்களுக்கு முன்பே வந்துவிட்டாள். டிவியில் நம் கரையைக் காட்டினார்கள், ஆனால் யார் வீடு என்று சொல்லவில்லை. உலகம் முழுக்க எங்களைப் போன்றவர்கள் ஊருக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்த நாட்கள்.

மஸ்கட்டிலிருந்து சேவியர் என்று ஒருவர் தாசையண்ணனைக் கூப்பிட்டார். முன்பு தங்கை கல்யாணத்துக்கு இவரை வைத்து எடுத்தவர். "அண்ணே, அம்மா இருக்காங்கன்னு சொல்லுதானுவ. நான் நம்பமாட்டேன். நீங்க போயி எடுத்து அனுப்பணும்."

அண்ணன் போனார். வீடு இருந்த இடத்தில் வாசல்படி மட்டும் இருந்தது. அம்மா பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார். இவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "சேவியருக்காக வந்திருக்கேன்" என்று சொன்னதுதான் தாமதம், அந்த அம்மா எழுந்து வந்து கேமராவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அடி போட்டார். "இப்பதான் வந்தியா? இப்பதான் ஒனக்கு அம்மைய நெனப்பு வந்துதா?" என்று கேட்டு அதையே கட்டிப்பிடித்து அழுதார். படம் முழுக்க அவர் சேலை. ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும்தான்.

மஸ்கட்டில் அதைப் பார்த்த சேவியர் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டதாக அண்ணனிடம் சொல்லியிருக்கிறார்.

"அன்னைக்கு வெளங்கிச்சு மக்கா" என்று பின்னாளில் அண்ணன் என்னிடம் சொன்னார். "நான் அவனுக்கு வீட்டைக் காட்டப் போவல. அவனாப் போயிருக்கேன்."

அதன் பிறகு அவர் அதற்கு வைத்த பெயர் 'ஆளுக்குப் போவது'. "இன்னைக்கு தோஹா செல்வத்துக்குப் போறேன்", "நாளைக்கு சிங்கப்பூர்க்காரிக்குப் போணும்" என்பார். போவதற்கு முன்னால் அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். உன் உயரம் எவ்வளவு? வீட்டுக்குள் கேறினால் முதலில் எங்கே போவாய்? யாரிடம் முதலில் பேசுவாய்? எவ்வளவு நேரம் இருப்பாய்? பிறகு அந்த ஆளின் கண் உயரத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு, அந்த ஆள் போகிற வழியில் போவார். வெட்டு இல்லை, பாட்டு இல்லை, ரோஜாப்பூ இல்லை. இரண்டாம் தடவை எடுப்பதும் இல்லை. "ஒருத்தன் ஒரே வாசல்ல ரெண்டு தடவை வந்தா அது நாடகம்லா" என்பார்.

தோஹா செல்வம் குட்டையான ஆள். அவருக்குப் போன அன்று முழுக்க அண்ணன் முட்டியை மடக்கியே நடந்து, பிறகு ஒரு வாரம் எண்ணெய் போட்டு உருவினார். அவ்வளவு செய்தும் வீட்டு நாய் கேமராவைப் பார்த்துக் குரைத்துத் தள்ளிவிட்டது. செல்வம் தோஹாவிலிருந்து அழுகிற குரலில் கேட்டிருக்கிறார்: "நான் வளத்த நாய் என்னைப் பாத்துக் கொரைக்குதே அண்ணே."

"அதுக்கு வாசம் வேணும்டே. அதுக்கு எங்கிட்ட வழி கெடையாது" என்றாராம் இவர்.

3

எனக்கு அவர் போனது இரண்டாயிரத்து ஆறில். கிறிஸ்துமஸுக்கு ஊர் வர நினைத்திருந்தேன். இங்கே வெளிநாட்டவர் பதிவு அட்டை புதுப்பிக்கும் அலுவலகத்தில், புது அட்டை கைக்கு வராமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்ப உள்ளே வருவது உன் பாடு என்று சொல்லிவிட்டார்கள். எப்போது வரும் என்று கேட்டால், வரும்போது வரும் என்றார்கள். நம் தாலுகா ஆபீஸில் இதையே கத்திச் சொல்வார்கள், இங்கே புன்னகையோடு சொல்கிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணன் போனில் கேட்டார். "வீட்டுக்குள்ள கேறினா மொதல்ல எங்க போவ?"

"அடுக்களைக்கு. சட்டி மூடியத் தொறந்து பாப்பேன்."

"கை கழுவுவியா?"

"மாட்டேன்."

வீடியோவில் அப்படியே நடந்தது. முற்றம், வராந்தா, இடது பக்கம் திரும்பி அடுக்களை. ஒரு கை நீண்டு மண்சட்டி மூடியைத் தூக்குகிறது. உள்ளே புளிமுளம், எங்கள் பக்கத்து மீன்குழம்பு, கொதிக்கிறது. அம்மா திரும்பிப் பார்க்காமலே, "கையக் கழுவுலே மொதல்ல! வெளிய சுத்திட்டு வந்து சட்டியில கைய வச்சிருவான்" என்கிறார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைக்கிறது. திரும்பி கேமராவைப் பார்க்கிறார். கரண்டி கையில் நிற்கிறது.

நான் இங்கே சோபாவில் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டேன்.

மகள் அனிட்டாவுக்கு அப்போது ஆறு வயது. "பாட்டி யாரைத் திட்டுது?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"என்னைத்தான்."

"நீ இங்கதானே இருக்க?"

நான் படத்தைப் பின்னால் ஓட்டி, மூடி திறக்கிற இடத்திலிருந்து மறுபடி போட்டேன். பிறகு அவளும் அதைக் கேட்பதை விட்டுவிட்டாள். இப்போது கேட்பதெல்லாம் வைஃபை ஏன் மெதுவாக இருக்கிறது என்பதுதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்காலம் கிளம்பும்போது "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவேன். போகிறேன் என்று சொல்ல நமக்கு நாக்கு வராதே. அங்கே இருந்த ஒரு கிழவி எனக்காகத் தேநீர் ஆற வைத்துக்கொண்டு ராத்திரி படுக்கப்போகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். மறுநாள் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. தாசையண்ணனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "பாவம். ஒரு தடவை போயிருக்கலாம் நீ" என்றார்.

4

ஒரு சமயம் சென்னையிலிருந்து சிலர் வந்து பார்த்து, இது வீடியோ கலை, நீங்கள் நம் பக்கத்தில் இதைச் செய்த முன்னோடி என்று சொல்லி, அவருடைய இரண்டு டேப்பை ஓர் இருட்டறையில் ஓட்டினார்கள். அண்ணன் ரயிலேறிப் போய்வந்தார். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்ல மரியாதை மக்கா. சால்வை போட்டானுவ. ஆனா உள்ள வாறவன் நின்னு பாத்துட்டு ஒரு நிமிசத்துல போறான். சேவியருக்க அம்மை அழுதுட்டு இருக்கா, இவன் வெளிய போறான். எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு."

இவ்வளவு பேருடைய வீட்டுக்குள் அவர்களாகவே போன மனுஷன், தன் வீட்டுக் காரியத்தில் மட்டும் வாசலைச் சாத்திக்கொண்டார்.

அவருக்கு ஒரே மகள், ஷீபா. நர்ஸ் படித்து, கிரேஸ் வழிகாட்டித்தான் இந்த நாட்டுக்கு வந்தாள். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்தில் வேலை. அங்கே மீன் பதப்படுத்தும் கம்பெனியில் இருந்த நம் கடற்கரைப் பையன் அந்தோணியைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அண்ணன் குடும்பம் தலைமுறையாக புராட்டஸ்டண்ட் சபைக்காரர்கள், தோட்டம் துரவு வைத்திருந்தவர்கள். அவன் கத்தோலிக்கன், கடலில் போகிறவர்களின் பிள்ளை. அண்ணன் முடியாது என்றார்.

ரோசம்மாள் மைனி, அண்ணனுடைய மனைவி, வாயை வைத்துக்கொண்டு இருக்கிற ரகம் இல்லை. "கடக்கரையில வீடு வீடாக் கேறி அவன் அம்மைக்கும் இவன் அம்மைக்கும் பிள்ளையா நின்னியளே. ஒங்க மோளு அங்க ஒரு வீட்டுல கேறுனா மட்டும் ஒங்களுக்குக் காலு கூசுதோ?" என்று நான் போனில் இருக்கும்போதே அண்ணனிடம் கேட்டார்.

கல்யாணம் கடற்கரைக் கோவிலில் நடந்தது. மைனி மட்டும் போனார். ஜில்லா முழுக்கக் கல்யாணம் எடுத்தவருடைய மகள் கல்யாணத்தை வேறு யாரோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு அப்பாவும் மகளும் பேசவில்லை. பேரன் பிறந்தான், பேசவில்லை. மைனியின் போனில் மகள் குரல் கேட்டால் அண்ணன் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவாராம். ஆனால் ரொம்ப தூரம் போகமாட்டார், ஜன்னல் பக்கத்தில்தான் நிற்பார் என்றும் மைனி சொல்வார்.

5

சர்க்கரை வியாதி முற்றி அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. நாகர்கோவிலுக்கு ரத்தம் சுத்தம் செய்யப் போய்வந்துகொண்டிருந்தார். ஒருநாள் கூப்பிட்டார்.

"மக்கா, ஒரு சோலி உண்டு."

"சொல்லுங்கண்ணே."

"ஒனக்கு அஞ்சடி ஆறுதானே?"

"ஆமா."

"நான் அஞ்சடி எட்டு இருந்தேன். இப்ப கூனிப் போச்சு. ஒன் உயரம்தான் வரும்." பிறகு சொன்னார். "எனக்கு ஒரு இடத்துக்குப் போணும்."

எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவர் முறைப்படியே கேட்டேன். "எங்க போணும்ணே?"

"ஷீபா வீட்டுக்கு."

"உள்ள கேறினா மொதல்ல எங்க போவிய?"

"உள்ள கேறமாட்டேன். வாசல்ல நிப்பேன். அவ கூப்பிட்டாதான் கேறுவேன். கூப்பிடலேன்னா அப்படியே திரும்பிரு. நீயா ஏறப்பிடாது, கேட்டியா?"

"எவ்வளவு நேரம் இருப்பிய?"

"டீ வரைக்கும். டீ வந்ததும் நிறுத்திரு. அதுக்கு மேல இருந்தா நான் அழுதாலும் அழுதுருவேன்."

நேரே போன் பண்ணிப் பேசிவிடலாமே என்று நான் சொல்லாமல் இல்லை. "போன்ல குரலு மட்டும்தானே போவும்? மன்னிப்புக் கேக்கப் போறவன் ஆளாப் போவாண்டாமா?" என்றார்.

6

ஒரு சனிக்கிழமை பஸ் ஏறினேன். வருகிறேன் என்று மட்டும் ஷீபாவிடம் சொல்லியிருந்தேன். வழியெல்லாம் தூறல். வீட்டுக்குக் கொஞ்சம் முன்னால் நின்று, போனைக் கண்ணுக்கு நேரே பிடித்து, பொத்தானை அமுக்கி, நடந்தேன். என் கை நடுங்கினால் அவர் கை நடுங்கினதாகத்தானே ஆகும் என்று மறு கையால் தாங்கிக்கொண்டேன்.

மணியடித்தேன். ஷீபா கதவைத் திறந்தாள். கையில் ஈரத்துணி. "வாங்க சித்தப்பா" என்று சிரித்தவள், நான் போனைத் தாழ்த்தாமல் நிற்பதைப் பார்த்து நிறுத்தினாள்.

"ஷீபா, இப்ப வந்திருக்கது நான் இல்ல பிள்ளே" என்றேன்.

வேறு எந்த வீட்டிலும் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அவளுக்குத் தேவைப்படவில்லை. அவள் அப்பா ஊரெல்லாம் ஆளுக்குப் போனதைப் பார்த்து வளர்ந்தவள். சிரிப்பு போய்விட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். ஷீபா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது, அப்பா எடுக்கிற கல்யாணங்களுக்கு மைனியோடு வருவாள். கூட்டத்தில் எங்கே இருந்தாலும் கேமராவையே பார்ப்பாள். அதற்குப் பின்னால் அப்பா இருக்கிறாரே. அந்த ஊர்க் கல்யாண வீடியோக்களில் பாதியில், தாலி கட்டும்போது ஓரத்தில் ஒரு பெண்குழந்தை நேரே நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கும். கல்யாண வீட்டார் குறைப்படுவார்கள். அண்ணன் அவளைத் திட்டித் திட்டிப் பழக்கினார். "கேமராவப் பாக்காத பிள்ளே. அப்பா இல்லேன்னு நெனச்சுக்க." அவள் பழகிக்கொண்டாள். பிறகு எந்தப் படத்திலும், ஸ்கூல் குரூப் போட்டோவில்கூட, அவள் கண் வேறெங்கோதான் இருக்கும்.

வாசலில் நின்றேன். மழை தலையில் விழுந்துகொண்டிருந்தது. நான் நகரவில்லை. அவள் செருப்பு வைக்கிற தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்ல மாட்டேன், எனக்கு ரொம்ப நேரம்.

"மழையில நனையுது" என்றாள் தட்டைப் பார்த்து.

அது அழைப்பா? அண்ணனே இங்கே நின்றிருந்தால் ஏறியிருப்பாரா? நான் அசையவில்லை.

"சளி பிடிச்சா ஒடம்பு தாங்காது." துணியை முறுக்கினாள். "உள்ள வாங்க."

கேறினேன்.

உள்ளே நடையில் அந்தோணியின் மழைக்கோட்டு தொங்கியது. அவன் வேலைக்குப் போயிருந்தான். மஞ்சள் நிறம், தோளில் மீன்செதில் ஒட்டிக் காய்ந்திருந்தது. அண்ணன் இதைப் பார்ப்பார் என்று தோன்றியது. நின்றேன். கை நீட்டித் தொட்டேன். தொட்டது அவரா நானா என்று எனக்கே இன்றும் நிச்சயமில்லை.

முன்னறையில் பேரன் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். மூன்று வயசுக்காரன், யாரும் எதையும் பார்க்காதே என்று இன்னும் பழக்காத பிள்ளை. நேரே வந்து போனுக்குள் கண்ணை வைத்தான். யார் உள்ளே என்று இங்கிலீஷில் கேட்டான்.

"தாத்தா" என்றாள் ஷீபா, அடுக்களைக்குப் போய்க்கொண்டே.

"தாத்தா உள்ள மாட்டிக்கிட்டாரா?" இதுவும் இங்கிலீஷில்தான். லாரியைத் தூக்கிக் கேமராவிடம் நீட்டினான். ஏறிக்கொள்ளட்டும் என்று சொல்கிறானாம்.

அடுக்களையில் அவள் முதுகுதான் தெரிந்தது. கெட்டில் கொதிக்கிற சத்தம். கொஞ்சம் கழித்து, ஜன்னலுக்கு வெளியே இருந்த துணிக்கொடியிடம் சொல்வது போலச் சொன்னாள். "அந்தோணி நல்லவன். பிள்ளைய அவன்தான் குளிப்பாட்டுவான். எனக்கு நைட் டூட்டின்னா சோறு கட்டித் தருவான்." பிறகு, "ஒங்க பழைய கேமராவ விக்காதீங்க. இவன் கேப்பான்."

டீத்தட்டை எடுத்து வந்தாள். எனக்கு ஒரு கப், தனியாக ஓரமாக வைத்தாள். இன்னொரு கப்பை மேசையில், போனுக்கு நேரே, கை எட்டுகிற தூரத்தில் வைத்தாள். கப்பைப் பார்த்துச் சொன்னாள்.

"சீனி போடல."

டீ வந்துவிட்டது. அவர் சொன்னபடி நான் பொத்தானை அமுக்கிக் கையை இறக்கினேன்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை, என் இடுப்பருகே தொங்கிய போனைப் பார்த்தாள். நேரே அதன் கண்ணைப் பார்த்தாள். தாலி கட்டுகிற நேரத்தில் ஓரத்தில் நிற்குமே ஒரு குழந்தை, அந்த முகம்.

"அதுக்குள்ள போறியளா அப்பா? இன்னும் கொஞ்சம் இருங்க."

"அய்யோ பிள்ளே, நிறுத்திட்டேனே. நில்லு, திரும்பப் போடுறேன். இன்னொரு தடவை சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள். "வேண்டாம் சித்தப்பா. அவருக்கு அது பிடிக்காது."

மேசையில் இருந்த அந்தக் கப்பை நான் கிளம்புகிற வரைக்கும் அவள் எடுக்கவில்லை.

7

அவ்வளவு நீளப் படம் போனில் போகவில்லை. வெட்டி அனுப்பலாம் என்றாள் அனிட்டா. வெட்டக்கூடாது என்றேன். அவளே உட்கார்ந்து ஒரு பென் டிரைவில் ஏற்றித் தந்தாள். ஊருக்குப் போகிற ஒரு நர்ஸ் பிள்ளையிடம், நம் வழக்கப்படி சாக்லேட் பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

பார்த்துவிட்டு அண்ணன் கூப்பிட்டார். பிள்ளையைப் பற்றிக் கேட்கவில்லை, மழைக்கோட்டைப் பற்றியும் கேட்கவில்லை.

"சீனி போடலேன்னு சொன்னாளே. ஒன் மைனிதான் சொல்லியிருப்பாளோ?"

"தெரியலண்ணே. மகளுக்குத் தெரியாதா?"

"என்னைப் பாக்கல மக்கா அவ. ஒரு தடவகூடப் பாக்கல."

அப்போது சொன்னேன். நிறுத்தின பிறகு நடந்ததைச் சொன்னேன். அவள் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னேன்.

"போன் எங்க இருந்துச்சு அப்ப?"

"கையில. இடுப்புக்கிட்ட இறக்கியிருந்தேன்."

"வெளிச்சம் எந்தப் பக்கம்?"

"ஜன்னல் அவளுக்கு வலப்பக்கம்."

"குனிஞ்சு பாத்தாளா?"

"ஆமாண்ணே. குனிஞ்சு."

"ஆங்." அவர் அந்தப் படத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். "டீ வரைக்கும்னு நாந்தானே சொன்னேன். ஒம்மேல ஒண்ணும் இல்ல. நாந்தான் சொன்னேன்."

அதற்குப் பிறகு இரண்டு மூன்று முறை அவர்கள் போனில் பேசினார்கள் என்று மைனி சொன்னார். உடம்பு எப்படி, பிள்ளை எப்படி என்று. நேரில் வருகிறேன் என்று ஷீபா சொன்னாள். குடியுரிமைக்காகப் பாஸ்போர்ட்டை அலுவலகத்தில் கொடுத்திருந்தாள். அது திரும்பி வந்ததும் வருகிறேன் என்றாள்.

8

பாஸ்போர்ட் வருவதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஷீபா அலுவலகத்துக்குப் போன் செய்து, அப்பா இறந்துவிட்டார், பாஸ்போர்ட் வேண்டும் என்றாள். மிகவும் வருந்துகிறோம், மருத்துவமனைக் கடிதத்தோடு திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். மறுநாள் அடக்கம். திங்கட்கிழமை தாண்டும் வரை காத்திருங்கள் என்று இவள் ஊரில் கேட்கவும் இல்லை, கேட்டிருந்தாலும் உடலை வைத்திருக்க அங்கே வசதி இல்லை.

நானும் கிரேஸும் அனிட்டாவும் ஷீபா வீட்டுக்குப் போனோம். மார்த்தாண்டத்திலிருந்து புதுப் பையன்கள் வந்து அடக்கத்தை நேரலையில் காட்டினார்கள். அந்தோணி அதை டிவியில் போட்டுத் தந்தான். கிரேன் கேமரா. பந்தலுக்கு மேலிருந்து இறங்கி, பூக்களின் மேல் மிதந்து, கூட்டத்தைச் சுற்றி வந்தது. கீழே பாட்டு. நல்ல தெளிவு, நல்ல வண்ணம். ஆனால் எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தலைகள்தான். எல்லாருடைய உச்சந்தலையும் தெரிந்தது. பறவைக்கு அடக்கம் காட்டுகிற மாதிரி இருந்தது.

ஷீபா டிவியைப் பார்க்கவில்லை. மகனை மடியில் வைத்து, அவன் தலைமயிரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வீட்டுக்கு ஆளாகப் போனவர் அங்கே கிடக்கிறார், இவளுக்காக அவரிடம் போக ஓர் ஆள் இல்லையே என்று நினைத்தேன். யாரையாவது கூப்பிட்டுச் சொல்லலாமா என்று போனை எடுத்தேன். அந்தக் கூட்டத்தில் யார் போனை எடுக்கப்போகிறார்கள்?

பெட்டியை மூடப்போகிற நேரம். தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ரோசம்மாள் மைனி எழுந்தார். அழுகிற பெண்கள் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். கையை உதறிவிட்டு, கூட்டத்தை விலக்கி, கேமராவை நோக்கி வந்தார். பையன் பதறியிருப்பான் போல, படம் ஒரு குலுங்கு குலுங்கியது.

"மக்கா, அதக் கீழ எறக்கு."

"அம்மா, இதுலதான் எல்லாம் தெரியும்..."

"எல்லாம் தெரியாண்டாம். எறக்குலே."

படம் இறங்கியது. தலைகள் போய் முகங்கள் வந்தன.

"இன்னும் எறக்கு. எம் மோளுக்கு அவ்வளவு உயரம் கெடையாது."

தன் தோளில் கையை வைத்துக் காட்டினார். "இந்தா, இவ்வளவுதான் நிப்பா."

கேமரா அவர் தோளளவுக்கு வந்து நின்றது. மைனி அதைக் கையைப் பிடித்து அழைப்பதுபோல இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் வழிவிட்டது. அழுதுகொண்டிருந்தவர்கள், மகள் வருகிறாள் என்பதுபோல ஒதுங்கி, நேரே பார்த்தார்கள். தலைமாட்டில் நிறுத்தினார். அண்ணனின் முகம் தெரிந்தது. பக்கத்தில், எட்டுகிற தூரத்தில்.

பிறகு மைனி திரும்பி, கேமராவைப் பார்த்தார். முந்தானையால் அதன் கண்ணில் பட்டிருந்த எதையோ துடைத்தார்.

"சாப்பிட்டியா பிள்ளே?"

இங்கே ஷீபா நிமிர்ந்தாள். நேரே பார்த்தாள்.

"இல்லம்மா" என்றாள்.